கும்பீரன் ஏறிய மலை: கொதொஹிராவில் ஒரு கடவுளின் பெயர்மாற்றம்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிகொகு. அதன் வடகரையில், ககாவா மாகாணத்தில், சானுகிச் சமவெளியின் ஓரமாக ஒரு மலை நிற்கிறது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு யானையின் தலைபோலத் தோன்றும் அம்மலைக்குப் பெயரும் யானைத்தலை மலை என்பதே. ஜப்பானிய மொழியில் ஸோஸு-சான். கடல்மட்டத்திலிருந்து 251 மீட்டர் உயரத்தில், அம்மலையின் இடைப்பகுதியில், கொதொஹிரா-கூ என்னும் ஷிண்டோ கோயில் அமைந்துள்ளது. அடிவாரக் கடைத்தெருவிலிருந்து முதன்மைச் சன்னிதிவரை 785 கற்படிகள். அங்கிருந்து மேலும் ஏறி உள்கோயிலை அடைந்தால் மொத்தம் 1,368. உண்மையில் சன்னிதிவரை ஏறும் படிகள் 786 என்றும், அவ்வெண்ணின் ஒலிப்பு ‘துன்புறுதல்’ என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லோடு ஒத்துப்போவதால் ஓரிடத்தில் ஒரு படியை இறங்கும் படியாக அமைத்துக் கணக்கில் ஒன்றைக் குறைத்தார்கள் என்றும் ஊரார் சொல்வர். சொல்லின் ஒலியை இவ்வளவு பொருட்படுத்தும் ஓர் இடத்தில் கடவுளின் பெயரே ஒருநாள் மாற்றப்பட்டது என்பதுதான் இப்பதிவின் பொருள்.

தக்கமாத்சு நகரிலிருந்து சிறு மின்ரயிலில் ஒரு மணி நேரத்தில் கொதொஹிரா ஊரை அடையலாம். நான் சென்றது ஒரு வேலைநாளின் காலை. ஆயினும் படிகளில் கூட்டம் குறைவில்லை. முதியோர் பலர் கடைகளில் இரவலாகத் தரப்படும் மூங்கிற்கழிகளை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தனர். வழியெங்கும் நன்கொடையாளர் பெயர் பொறித்த கற்றூண்கள். வரவேற்புப் பலகைகளிலும் கோயில் வெளியீடுகளிலும் காணும் செய்தி தெளிவானது: இங்கு உறையும் முதன்மைத் தெய்வம் ஓமோனோனுஷி, உடன் வழிபடப்பெறுபவர் பேரரசர் சுதொகு. முன்னவர் 712இல் தொகுக்கப்பெற்ற கொஜிகியிலும் அதனையடுத்த நிஹொன் ஷொகியிலும் இடம்பெறும் தொல்தெய்வம். கடலை ஒளிமயமாக்கியவாறு வந்தடைந்து மிவா மலையில் குடிகொண்டவர். பின்னவர் 1156ஆம் ஆண்டின் ஹோகென் கலகத்தில் தோற்று, இதே சானுகி நாட்டிற்கு நாடுகடத்தப்பட்டு, 1164இல் இங்கேயே உயிர்நீத்தவர். ஷிண்டோ மரபின் தொன்மைக்கு இதைவிடச் செவ்வியதொரு சான்று வேண்டுமோ என்று வந்தவர் எண்ணக்கூடும்.

ஆனால் படியேறும் மக்கள் எவரும் ஓமோனோனுஷி என்று சொல்வதைக் கேட்கவியலாது. அவர்கள் சொல்வது ‘கொன்பிரா-சான்’. கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் இனிப்புப் பொதிகளிலும் ரயில்நிலைய விளம்பரங்களிலும் அதுவே. பலகை ஒரு பெயரைச் சொல்கிறது, வாய் இன்னொரு பெயரைச் சொல்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் ஜப்பானிய நவீன வரலாற்றின் மிகக் கடுமையான நிகழ்வுகளுள் ஒன்று புதைந்திருக்கிறது.

கொன்பிரா என்பது ஜப்பானியச் சொல்லன்று. வடமொழிக் கும்பீர என்பதன் சீன ஒலிபெயர்ப்பு, ஜப்பானிய நாவில் அவ்வாறாயிற்று. கும்பீரம் எனில் முதலை. பௌத்த மரபில் கும்பீரன் ஓர் இயக்கன். பாலி தீக நிகாயத்தின் மகாசமய சுத்தம், புத்தரைக் காணத் திரண்டுவந்த தேவர்களையும் இயக்கர்களையும் வரிசையாக அடுக்கும்போது, இராசகிருகத்து வேபுல்ல மலையில் வாழும் கும்பீரனை ஒரு பெரும் இயக்கர் கூட்டத்தின் தலைவனாகக் குறிக்கிறது. இன்றைய பீகாரின் ராஜ்கீரில், சுடுநீர் ஊற்றுகளுக்கு மேலே நிற்கும் விபுலகிரி அதுவே. பின்னர் மகாயானத்தில், மருத்துவப் புத்தரான பைஷஜ்யகுருவின் பன்னிரு படைத்தலைவர்களுள் ஒருவனாகவும் அவன் இடம்பெற்றான். மலையின் பெயரும் அதே நிலப்பரப்பிலிருந்து வந்ததே. புத்தர் நெருப்பு உரையை நிகழ்த்திய கயாசீர்ஷ மலையைச் சீன மொழிபெயர்ப்பாளர் ‘யானைத்தலை மலை’ என்று பெயர்த்தனர். கயா என்னும் ஊர்ப்பெயர் கஜமாகக் கேட்டிருக்கிறது. ஆக, சானுகியின் இந்த ஒற்றை மலை, மகதத்தின் இரு மலைகளைத் தன் பெயரிலும் தன் கடவுளின் பெயரிலும் சுமந்துகொண்டு நின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் இச்செய்தியைக் கேட்பவர்க்கு உடனே எழும் மகிழ்ச்சியை நான் அறிவேன். ‘ஜப்பானில் வாழும் நம் கடவுளர்’ என்னும் வகைப் பதிவுகள் வாரந்தோறும் நம் கைப்பேசிகளுக்கு வருகின்றன. பெருமிதத்தோடு வந்து, ஆதாரமின்றிப் போகின்றன. கும்பீரனை விமானத்திலேற்றித் திரும்ப அழைத்துவந்துவிடும் அவசரம் அவற்றில் தெரிகிறது. ராஜ்கீரின் இயக்கனும் சானுகியின் கொன்பிராவும் ஒருவரே என்று கூறுவது வரலாற்றாசிரியருக்கு அரிது. பெயர் பயணப்பட்டது என்பது உறுதி. அப்பெயரைத் தாங்கியவர் வழியெங்கும் வேறு வேறு ஆளாக மாறிக்கொண்டே வந்தார் என்பதும் அதே அளவு உறுதி. ஜப்பானியக் கடலோடிகள் வேண்டிக்கொண்ட கொன்பிராவுக்கும் கங்கைக்கரை முதலைக்கும் நீர் என்னும் ஒரு தொடர்பைத் தவிர வேறு நினைவுச்சரடு ஏதும் மக்களிடையே நிலவியதாகத் தெரியவில்லை.

தொன்மையைப் பற்றியும் சற்றுச் சொல்லியாக வேண்டும். கோயிலின் மரபுரைகள் புராண காலத்திலிருந்து தொடங்குகின்றன. கையில் கிடைக்கும் எழுத்துச் சான்றோ 1573ஆம் ஆண்டினது. அவ்வாண்டில் கொன்பிராவுக்கு ஒரு சன்னிதி எழுப்பப்பட்டபோது, முகட்டுவிட்டத்தில் பொருத்தப்பட்ட பலகை அது. யானைத்தலை மலையின் மாத்சுவோ-ஜி என்னும் பௌத்தக் கோயிலைச் சேர்ந்த கொன்பிரா அரசரின் சன்னிதி என்பது அதன் சாரம். எழுப்பியவர் யூகா என்னும் ஷிங்கொன் பிரிவுத் துறவி. அப்பகுதியின் நகாவோ என்னும் போர்க்குடியில் பிறந்தவர். ஆறாண்டுகளில் ச்சோசொகாபே படைகள் சானுகியில் நுழைந்தபோது அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. போர்க்காலத்தின் நடுவே, ஒரு சிறு குடியின் ஆதரவில், பௌத்த மடமொன்று தன் மலைக்கு அழைத்துவந்த புதிய காவல்தெய்வமாகவே கொன்பிரா ஆவணங்களில் முதன்முதலாகத் தென்படுகிறார். ‘பழம்பெரும் ஷிண்டோ கோயில்’ என்று பயணநூல்கள் எழுதும்போது, அதில் பழமையும் ஐயத்திற்குரியது, ஷிண்டோ என்பதும் ஐயத்திற்குரியது.

அதன்பின் வந்த வளர்ச்சி வியப்புக்குரியது. 1600ஐ ஒட்டி மடத்தலைமை ஏற்ற யூசெய் என்னும் துறவி கோயிலின் நிருவாகத்தையும் செல்வத்தையும் உறுதிப்படுத்தினார். இவர் கடுந்தவத்தவர், இறந்தபின் தெங்கு எனப்படும் நீள்மூக்கு மலைபூதமாகி மலையைக் காத்துவருகிறார் என்ற நம்பிக்கை பரவியது. இவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம். 1648இல் தொகுகவா ஆட்சி 330 கொகு விளைச்சலுள்ள நிலத்தைக் கோயிலுக்கு உரிமையாக்கியது. தக்கமாத்சுவின் முதல் மாத்சுதாய்ரா பிரபு யோரிஷிகே பெருவாயிலைக் கட்டிக்கொடுத்தார். 1760இல் அரசவை இதற்கு ‘நாட்டிலேயே ஒன்றேயானது’ என்னும் தனிச்சிறப்பை வழங்கியது. எனினும் கோயிலை நாடறியச் செய்தவர்கள் அரசர்கள் அல்லர். உள்நாட்டுக் கடலின் ஷிவாக்கு தீவுக் கப்பலோட்டிகள் போன்றவர்கள் துறைமுகம் துறைமுகமாகக் கொன்பிராவின் பெயரைக் கொண்டுசென்றனர். சரக்குக் கப்பல்கள் வடகடல்வரை ஓடிய காலம் அது. புயலில் சிக்கிய மாலுமிகள் முடியை அறுத்து நேர்ந்துகொண்டனர். கரை சேர்ந்தபின் தங்கள் கப்பலின் சித்திரப் பலகையைக் காணிக்கையாகத் தொங்கவிட்டனர். இன்றும் காணிக்கைக் கூடத்தில் அப்பலகைகளைக் காணலாம். 1990இல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஜப்பானியரின் காணிக்கையும் அவற்றினிடையே இருக்கிறது. விண்கலமும் கலம்தானே!

நேரில் வரவியலாதோர் கையாண்ட வழிகள் இன்னும் சுவையானவை. காணிக்கைக் காசை மிடாவில் இட்டு, கொன்பிராவின் பெயரெழுதிய கொடியொன்றை நட்டுக் கடலில் மிதக்கவிடுவர். கண்டெடுப்பவர் அதைக் கோயிலில் சேர்ப்பிக்க வேண்டும். சேர்ப்பிப்பவர்க்கும் அருள் உண்டு. நாயின் கழுத்தில் பெயர்ச்சீட்டும் பணப்பையும் கட்டி, அதே வழியில் செல்லும் பயணிகளோடு அனுப்பிவைத்த வழக்கமும் இருந்தது. பயணிகள் கைமாற்றிக் கைமாற்றி அந்நாயைப் படியேற்றித் திருப்பியனுப்பினர். 1835இல் கட்டப்பட்ட கபுகி நாடக அரங்கு அடிவாரத்தில் இன்றும் நிற்கிறது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் கபுகி அரங்குகளுள் அதுவே மூத்தது. வழிபாடும் வணிகமும் கூத்தும் சூதும் ஒரே தெருவில் நடந்தன.

இத்தனைக்கும் நடுவிலிருந்த கொன்பிரா யார்? அவரது முழுப்பெயர் கொன்பிரா தாய்கொங்கென். கொங்கென் என்பது, புத்தரோ போதிசத்துவரோ இந்நாட்டு மக்களுக்கு இரங்கி உள்ளூர்த் தெய்வ வடிவில் தோன்றுதலைக் குறிக்கும் சொல். ‘அவதாரம்’ என்று பெயர்த்தால் முற்றிலும் பொருந்தாவிடினும் வெகுதொலைவு விலகிவிடாது. அவரது மூல வடிவம் பதினொரு முகக் கன்னொன் என்று ஒரு மரபுரை கூறிற்று. வேறு உரைகள் வேறு கூறின. கொன்கோ-இன் மடத்துத் துறவிகள் நெருப்பு வேள்வி செய்தனர், தாயத்துகள் வழங்கினர், மந்திரம் ஓதினர். அவரைப் பௌத்தராக எண்ணுவதா, காமியாக எண்ணுவதா என்னும் வினா பக்தர் எவருக்கும் எழுந்திருக்க நியாயமில்லை. காமி என்றால் உள்நாட்டுத் தெய்வம், புத்தர் என்றால் அயல்வரவு என்ற பிரிவினை ஆயிரம் ஆண்டுகளாகவே அந்நாட்டில் வழிபாட்டின் அடிப்படையாக இருந்ததில்லை. ஷிண்டோ என்னும் தனி மதம் தொல்காலந்தொட்டு இடையறாது வந்தது என்ற கருத்தே நவீன காலத்தின் ஆக்கம் என்று குரோதா தொஷியோ 1981இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் கட்டுரையில் வாதிட்டார். அதை மறுத்தும் திருத்தியும் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அதைக் கடந்துசெல்லாமல் இத்துறையில் எவரும் நுழைய இயலாது. மாணவர்கள் முதலில் படிக்கவேண்டியது அதுவே என்பேன்.

அவ்வினாவை எழுப்பியவர்கள் அறிஞர்கள். தேசியக் கல்வி இயக்கத்தின் பெரும்புள்ளியான ஹிராத்தா அத்சுதானே (1776–1843), கொன்பிரா உண்மையில் ஓமோனோனுஷியே என்றும், துறவிகள் அயல்நாட்டுப் பெயரைப் போர்த்தி அவரை மறைத்துவிட்டனர் என்றும் எழுதினார். கொன்பிரா என்பது கொதொஹிரா என்னும் நாட்டுப்பெயரின் திரிபு என்பது இவ்வாதத்தின் முடிபு. கடலில் ஒளிவீசி வந்த ஓமோனோனுஷிக்கும் கடலோடிகளின் காவலருக்கும் இடையில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொருத்தம் சான்றாகாது. எனினும் ஒரு நூலில் உறங்கிக்கொண்டிருந்த இக்கருதுகோள், அத்சுதானே மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளில் அரசாணையின் துணையைப் பெற்றது.

1868. தொகுகவா ஆட்சி வீழ்ந்து, பேரரசரின் பெயரால் புதிய அரசு அமைந்த ஆண்டு. அவ்வாண்டின் சந்திரமானத் மூன்றாம் மாதத்தில் அடுத்தடுத்து ஆணைகள் பிறந்தன. காமி கோயில்களில் பணிபுரியும் பௌத்தத் துறவிகள் துறவைக் களைய வேண்டும். கொங்கென் முதலிய பௌத்தச் சொற்களைத் தெய்வப்பெயராகக் கொண்ட கோயில்கள் தம் வரலாற்றை எழுதி அரசுக்கு அளிக்க வேண்டும். புத்தர் படிமங்களைத் திருவுருவாக வைத்திருக்கும் கோயில்கள் அவற்றை அகற்ற வேண்டும். ‘ஷின்புத்சு புன்ரி’, அதாவது காமியையும் புத்தரையும் பிரித்தல் என்று வரலாறு இதனைக் குறிக்கிறது. ஆணை அழிக்கச் சொல்லவில்லை, பிரிக்கத்தான் சொன்னது என்று வாதிடுவோர் உண்டு. பிவா ஏரிக்கரையின் ஹியே கோயிலில் சில நாட்களிலேயே ஆயுதமேந்திய கூட்டம் புகுந்து படிமங்களையும் சுவடிகளையும் எரித்தது. ஆயிரமாண்டுகள் கூடி வளர்ந்த ஒன்றைப் பிரிப்பதற்கும் அழிப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது என்பதற்கு அது போதிய விடை.

யானைத்தலை மலையில் இது வேறுவகையாக நிகழ்ந்தது. கலகக்கூட்டம் எதுவும் படியேறி வரவில்லை. மடத்தலைவர் யூஜோ கியோத்தோவுக்குச் சென்றார், துறவு களைந்தார், கொதோவோகா ஹிரோத்சுனே என்னும் இல்லறப் பெயரோடு, ஷிண்டோ பூசகராகத் திரும்பினார். கோயிலின் பெயர் கொதொஹிரா ஆயிற்று. தெய்வம் ஓமோனோனுஷி ஆயிற்று. இதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலம் பறிபோகும், மடம் மூடப்படும், அந்த ஊரையே உண்பித்துவந்த யாத்திரை நின்றுபோகும் என்ற நிலையில், கடவுளின் பெயரை விட்டுக்கொடுத்துக் கடவுளின் இடத்தைக் காத்துக்கொண்டார் அவர். அந்தப் பேரத்தின் தடயம் எழுத்திலேயே இருக்கிறது. பழைய கொன்பிரா மூன்று சித்திர எழுத்துகளால் எழுதப்பட்டது. புதிய கொதொஹிராவை எழுத நிலைபெற்ற வடிவத்தில் நான்கு எழுத்துகள். பழைய பெயரின் முதலெழுத்தும் கடையெழுத்தும் அப்படியே நிற்கின்றன. நடுவெழுத்துக்கு அதே ஒலியுள்ள வேறொன்று வந்தது. இடையில் ‘வாள்’ என்னும் பொருளுடைய ஓரெழுத்து செருகப்பட்டது. கும்பீரனின் எலும்புக்கூடு அரசு ஒப்புதல் பெற்ற பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

உண்மையான அழிவு நான்காண்டுகள் கழித்து வந்தது. 1871இல் கோயில் அரசுக் கோயில்களின் படிநிலையில் சேர்க்கப்பட்டது. பூசகர் பதவி அரசு நியமனம் ஆயிற்று. 1872இல் சத்சுமாவைச் சேர்ந்த ஃபுகாமி ஹயாவோ தலைமைப் பூசகராக வந்தார். பழைய மடத்தலைவர் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். உடன்வந்தவர் சானுகி நாட்டறிஞர் மாத்சுவோகா மிட்சுகி. அவ்வாண்டில் புத்தப் படிமங்களும் வழிபாட்டுக் கருவிகளும் ஏலமிடப்பட்டன. விலைபோகாதவை நெருப்புக்கு இரையாயின. இதை நாம் அறிவது எவ்வாறு? மாத்சுவோகாவே பல்லாண்டுகளாக எழுதிவந்த நாட்குறிப்பின் வாயிலாக. வரலாற்றுமுறையியல் வகுப்பில் இதை ஒரு பாடமாகவே வைக்கலாம். எரிக்கப்பட்டவற்றின் பட்டியல் எரித்தவரின் கையெழுத்தில் இருக்கிறது. அவர் அதை மறைக்க எண்ணவில்லை. கடமையைச் செய்து முடித்தவரின் ஒழுங்கோடு பதிந்தார். எரிந்தவற்றின் முன் நின்று ஒருகாலத்தில் வேண்டிக்கொண்டவர்களின் குரல் அந்நாட்குறிப்பில் இல்லை. அவர்கள் எழுதியவை கிடைத்தால்தானே!

தப்பியவை எவை என்று பார்ப்பதும் பயனுடையது. பதினொரு முகக் கன்னொன் படிமம் ஒன்று கோயிலின் கருவூலத் தொகுப்பில் இருக்கிறது. ஹெயான் காலத்தது, இன்று நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. வழிபாட்டிலிருந்து வெளியேறிய பிறகே அது கலைப்பொருளாகப் பிழைத்தது. கொன்பிராவோடு தொடர்புடைய அசலநாதர், வைசிரவணர் படிமங்கள் கடலுக்கு அப்பால் ஒகயாமாவின் சைதாய்-ஜி பௌத்தக் கோயிலில் தஞ்சம் புகுந்து இன்றும் பூசை பெறுகின்றன. இன்னொரு பிழைப்பு எனக்கு மிகவும் சிந்தனை தந்தது. படிவழியில் ‘ஒமொதே ஷோயின்’ என்னும் வரவேற்பு மாளிகை இருக்கிறது. மடத்தலைவர் விருந்தினரைச் சந்திப்பதற்காக 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் நெகிழ்கதவுகளில் மாருயாமா ஓக்கியோ 1787இல் தீட்டிய புலிகள் உலவுகின்றன. உயிருள்ள புலியை அவர் கண்டதில்லை, தோலை வைத்தே தீட்டினார் என்பர். பூனைத்தன்மை சற்றுத் தூக்கலாகவே தெரிகிறது. துறவியின் அறையில் தீட்டப்பட்ட இப்புலிகளை எவரும் தொடவில்லை. புலிக்கு மதமில்லை. அழிவு நடந்து ஏழாண்டுகள் கழித்து, 1879இல், இதே மலையில் ஒரு பொருட்காட்சி நடந்தது. ஜப்பானிய எண்ணெய்வண்ண ஓவியத்தின் முன்னோடியான தாகாஹாஷி யூயிச்சியின் படைப்புகள் அதற்கு வந்தன. அவருடைய 27 ஓவியங்கள் இன்று கோயிலுக்கே உரியவை. புத்தரை எரித்த கைகள் மேலைநாட்டு வண்ணங்களை வாரி அணைத்துக்கொண்டன. முரண் என்று தோன்றலாம். இரண்டுமே ‘புதிய நாடு’ என்னும் ஒரே திட்டத்தின் உறுப்புகள்.

கட்டடங்கள்தாம் மிக உரக்கப் பேசுகின்றன. 365ஆம் படியில் உள்ள பெருவாயிலைத் துறவிகள் காலத்தில் நியோ வாயில் என்பர். நியோ எனப்படும் இரு பௌத்தக் காவலர் அங்கு நின்றனர். இன்று அது வெறுமனே ‘பெருவாயில்’. அதைக் கடந்ததும் ஐந்து வெண்குடைகளின் கீழ் ஐவர் அமர்ந்து பொன்னிற மிட்டாய் விற்பர். கோயில் எல்லைக்குள் விற்கும் உரிமை அவ்வைந்து குடிகளுக்கு மட்டுமே பரம்பரையாக உண்டு. தெய்வம் பெயர் மாறிற்று, பூசகர் உடை மாறிற்று, மிட்டாய்க்காரர் மாறவில்லை. 628ஆம் படியருகே ‘அசாஹி-ஷா’ என்னும் இரண்டடுக்குப் பெருங்கூடம் எதிர்ப்படுகிறது. கூரை செம்பு, தூண்தலைகளிலும் உத்திரங்களிலும் நுண்ணிய சிற்பங்கள் செறிந்துள்ளன. இது மாத்சுவோ-ஜியின் பொன்மண்டபமாக, மருத்துவப் புத்தருக்காக, பல பத்தாண்டுகள் உழைத்து 1837இல் முடிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள்கூட அவர் அதில் இளைப்பாறவில்லை. இன்று உள்ளே கொஜிகியின் படைப்புத் தெய்வங்கள். ஆனால் ஷிண்டோ கோயிலுக்குரிய எளிமை அக்கட்டடத்தின் ஒரு முழத்திலும் இல்லை. மேலே எளிய வடிவில் நிற்கும் முதன்மைச் சன்னிதியைவிட இது பெரிதாகவும் பகட்டாகவும் இருப்பதால், இதையே மூலக்கோயில் என்று எண்ணி வணங்கித் திரும்பிவிட்டான் மொரி நோ இஷிமாத்சு என்னும் சூதாடி என்று ஒரு நகைச்சுவைக் கதை வழங்குகிறது. கட்டடக்கலை நோக்கில் அவன் அப்படி ஒன்றும் மூடனல்லன் என்றே எனக்குத் தோன்றியது.

மாத்சுவோ-ஜி என்ன ஆயிற்று? அதன் துணைமடங்களுள் ஒன்றான ஃபுமொன்-இன் துறவு களையாமல், அடிவார ஊரில் பழம்பெயரைத் தாங்கித் தொடர்ந்தது. மலைமேலிருந்த உடைமைகளைத் திரும்பக் கோரி அது மெய்ஜி காலத்தின் இறுதியில் வழக்காடித் தோற்றது. மலைமேல் பெருங்கூட்டமும் அடிவாரத்தில் ஒரு சிறு பௌத்தக் கோயிலுமாக இன்றைய காட்சி. படியேறி இறங்கும் பயணிகளுள் ஆயிரத்தில் ஒருவராவது அங்கு நுழைவாரா என்பது ஐயமே.

இது கொதொஹிராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கியோத்தோவின் கியொன் கோயிலில் வணங்கப்பட்டவர் மாட்டுத்தலையுடைய கோஸு தென்னோ. சேதவனத்தைக் காப்பவர் என்று போற்றப்பட்டவர். கியொன் என்பதே சேதவனத்தின் சீனப்பெயரினின்று வந்தது. 1868இல் கோயில் யாசாகா ஆயிற்று. தெய்வம் சுசானோவோ ஆயிற்று. சரசுவதியின் கிழக்கு வடிவான பென்ஸாய்தென் பல தீவுக்கோயில்களில் இச்சிகிஷிமா இளவரசியாகப் பெயர் பெற்றார். இவற்றின் ஆவணங்களை முராகாமி செஞ்ஷோ முதலியோர் 1926 முதல் 1929 வரை பல தொகுதிகளாக வெளியிட்டனர். ஆயினும் ஆலன் கிரபார்ட் 1984இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, கண்டுகொள்ளப்படாத பண்பாட்டுப் புரட்சி என்றே தலைப்பிட வேண்டியிருந்தது. கொன்பிராவைப் பற்றி மட்டும் விரிவாக அறிய விரும்புவோர் சாரா தால் 2005இல் வெளியிட்ட ஆய்வுநூலைத் தேடிப் படிக்கவும். இப்பதிவில் நான் தொட்டுச்சென்றவை பலவும் அதில் ஆவண வலுவோடு கிடைக்கும்.

கும்பீரன் நம்முடையவன் என்று இங்கிருந்து உரிமை கோருவோரை மேலே குறிப்பிட்டேன். அவர்களும் ஹிராத்தா அத்சுதானேயும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும். இருவரும் நம்புவது ஒன்றையே: கடவுளுக்கு ஒரே ஓர் ஊர்தான் உண்டு, மற்றவை அதன்மேல் படிந்த அழுக்கு, சுரண்டினால் அசல் வெளிப்படும். 1872இல் சுரண்டிப் பார்த்தார்கள். கிடைத்தது சாம்பலும் ஒரு நாட்குறிப்பும். ‘அசல்’ எதுவும் அடியில் இல்லை. 1573ஆம் ஆண்டின் பலகையே ஒரு கலப்பின் பதிவுதான். தொடக்கத்திலிருந்தே கலந்திருந்த ஒன்றின் கலப்பை நீக்கினால் மிஞ்சுவது தூய்மையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது தருக்கப்பிழை. இதை ஜப்பானைப் பற்றிச் சொல்லும்போது நம் அரங்குகளில் எல்லோரும் தலையசைக்கின்றனர் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

துறவு களைந்த ஹிரோத்சுனேயின் பிற்காலத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஃபுகாமிக்குப் பின் 1886இல் அவரே தலைமைப் பூசகரானார். 1889இல் ரயில்பாதை கொதொஹிராவை எட்டியது. யாத்திரை முன்னிலும் பெருகியது. அதே ஆண்டில் அவர் கடலில் இடருறுவோரை மீட்கும் சங்கமொன்றை நிறுவினார். மீட்புப் படகுகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் கொண்ட அவ்வமைப்பு, பெயரில் சிறு மாற்றத்துடன் இன்றும் இயங்குகிறது. மந்திரமும் வேள்வியும் பறிக்கப்பட்ட ஒருவர், கடலோடிகளைக் காத்தல் என்னும் கொன்பிராவின் தொழிலை மட்டும் விடாமல் வேறொரு மொழியில் தொடர்ந்தார் என்று நான் இதைப் படிக்கிறேன். 1892இல் மறைந்தார். கோயிலும் தன்போக்கில் நடப்பதை விடவில்லை. போருக்குப்பின் 1946இல் உருவான ஷிண்டோ கோயில்களின் தலைமைச் சங்கத்திலிருந்து அது 2020இல் விலகிக்கொண்டது.

முதன்மைச் சன்னிதியின் முற்றத்தில் நின்றால் சானுகிச் சமவெளி முழுவதும் காலடியில் விரிகிறது. கூம்புபோல் எழும் இயினோ மலையும், வானம் தெளிவாயிருந்தால் 1988இல் திறக்கப்பட்ட செத்தோ பெரும்பாலமும் தெரியும். பெரும்பாலோர் அங்கேயே படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். மேலும் 583 படிகள், காட்டு வழியே. கடைகள் இல்லை, கூட்டம் இல்லை. உச்சியில் செங்குத்தான பாறையை ஒட்டி இஸுதாமா என்னும் உள்கோயில் இருக்கிறது. அங்கு உறையும் தெய்வத்தின் பெயர் இஸுதாமாஹிகோ. கேட்பவர்க்குக் கொஜிகியிலிருந்து எடுத்த பெயர்போலவே ஒலிக்கும். அவர் வேறு யாருமல்லர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்தை ஆண்ட பௌத்தத் துறவி யூசெய்தான். பிரித்தவர்கள் அவரை வெளியேற்றவில்லை. காமியாக்கி, புதுப்பெயர் சூட்டி, முதன்மைச் சன்னிதிக்கும் மேலே அமர்த்தினர். கோயிலின் அருகே பாறை முகத்தில், தலையை அண்ணாந்து தேடினால், நீண்ட மூக்குடன் ஒரு தெங்கு முகம் கண்ணில் படும்.